பதினோரு முறை அமுக்கவும்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். கயல்விழி என்று பெயர். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர், முகம் பார்த்ததில்லை. சோதனைகளை எல்லாம் கணினியே செய்துகொள்ளும்படி மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சார், ஃபேஸ் டெஸ்ட்டுல 'பதினோரு முறை அமுக்கவும்'னு ஒரு வரி இருக்குதுங்க. ஏன் சார் பதினொண்ணு? பத்துன்னு வச்சுக்கலாங்களா? ரவுண்டா இருக்கும்."

"வைக்காதீங்க" என்றேன்.

"ஏனுங்க சார்?"

தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதன் பிறகு இன்றோடு ஒன்பது நாள். பதினான்கு தாள்களைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். கிழித்ததையும் எண்ணுகிறீர்களா என்று என் மனைவி கேட்கிறாள். எண்ணாமல் எப்படி இருப்பது?

முதலில், நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அதியமான்கோட்டைப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் சிறிய தொழிற்சாலை அது. ரேடியோ அலையை உண்டாக்கும் பெட்டிகள் அங்கே தயாராயின. ஒரு பெட்டி, ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. அவை மழை பார்க்கும் ரேடார்களுக்குள் போயின. ரேடார் மேகத்தை நோக்கி அலையை அனுப்பும். திரும்பி வருவதைத் தான் அனுப்பியதோடு ஒப்பிட்டு, மழை எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று சொல்லும். இதற்கிடையே பெட்டி ஒரே அலைவரிசையில் நிற்கவும் கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை வேறொரு அலைவரிசைக்குத் தாவித் திரும்ப வேண்டும். தாவுவது பெரிய வித்தையில்லை. திரும்பும்போது, தாவாமலே இருந்திருந்தால் அலை எந்த இடத்தில் இருந்திருக்குமோ சரியாக அந்த இடத்தில் வந்து சேர வேண்டும். அந்த இடத்தைத்தான் ஃபேஸ் என்போம், டிகிரியில் அளப்போம்.

எங்கள் பக்கத்துக் கோயில் விழாக்களில் இரண்டு பேர் சேர்ந்து பம்பை அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நடுவில் ஒருவர் நிறுத்தி, தோள் பட்டையைச் சரிசெய்து, ஒரு மிடறு சோடா குடித்துவிட்டு மறுபடி சேர்கிறார். நிறுத்தவே இல்லை என்பது போலச் சேர்ந்தால் கைகாரர். மற்றவருடைய இரண்டு அடிகளுக்கு நடுவே இவருடைய அடி போய் விழுந்தால், இரண்டு பேர் கையும் ஓடும், தாளம் மட்டும் செத்துப்போகும். எங்கள் கணக்கில் அது நூற்றெண்பது டிகிரி பிசகு. ரேடாரில் அது நடந்தால் மழையின் வேகம் என்று திரையில் தெரிவது வெறும் குப்பை.

நான் மொரப்பூர்க்காரன். பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டுகள், பிறகு பெங்களூரில் பதினேழு ஆண்டுகள். அங்கே கற்றதில் பாதி, எதைத் தொடக்கூடாது என்பதுதான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பி, அதியமான்கோட்டையில் சேர்ந்தேன். சோதனைப் பிரிவில் என்னையும் சேர்த்து நான்கு பேர். தலைமை, ஸ்டெல்லா மேடம்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. என்னைவிட மூன்று வயது இளையவர். நல்லம்பள்ளிப் பக்கம் அவருடைய அப்பாவுக்குத் தக்காளித் தோட்டம் இருந்தது. காலை எட்டு நாற்பதுக்கு வருவார். நாற்காலியில் உட்காரும் முன், மேசையில் சூடேறிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பெட்டியின் மேலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்ங்க, சூடு ஏறல" என்பார். நான் அவர் போன பிறகு வெப்பமானியை வைத்துச் சரிபார்ப்பேன். இருபத்தாறு முறை சரிபார்த்தேன். இருபத்து நான்கு முறை அவர் சொன்னது சரி. மற்ற இரண்டு முறையும் என் வெப்பமானியில் மின்கலம் தீர்ந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் யாரையும் திட்டியதில்லை. தவறு கண்டால் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அந்தத் தாளின் மேல் வைப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி. யார் செய்தது என்று ஒருபோதும் கேட்கமாட்டார். "எத்தனை தடவைங்க?" என்பதுதான் கேள்வி. ஒரு முறை நடந்தது தவறு. மூன்று முறை நடந்தால் அது நம்முடைய வேலைமுறை என்பார்.

சோதனை நடந்த விதம் இது. காலையில் முதல் வேலை, அலைக்கு அளவுகோலாக இருக்கும் மூலப் படிகத்தின் சிறிய சூட்டறைக்கு மின்சாரம் கொடுத்து நாற்பத்தைந்து நிமிடம் காத்திருப்பது. மின்விசிறி மேசைப் பக்கம் திரும்பக்கூடாது. கேபிளை ஒருமுறை வளைத்து வைத்தால் பிறகு தொடக்கூடாது. கேபிள் அசைந்தாலே இரண்டு டிகிரி போய்விடும். நெடுஞ்சாலையில் லாரிகள் பிரேக் அடிக்கும்போதெல்லாம் அளவைமானியில் எண் நடுங்கியது. பழைய லாரி டியூபை வெட்டி மேசைக் கால்களுக்கு அடியில் நான்கு மடிப்பு வைத்தோம், நின்றது. பெட்டிக்குள் கேபிள் மாட்டும் இணைப்பிகள் பத்து. பெட்டியைப் பொருத்துபவர்கள் ஒவ்வொன்றையும் அதற்கென்று உள்ள ஸ்பேனரால் முறுக்க வேண்டும். சரியான இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுக் கழன்றுகொள்ளும். அதற்கு மேல் முறுக்கினாலும் கெடுதல், அதற்கு முன் நிறுத்தினாலும் கெடுதல்.

கடைசியாக ஃபேஸ் சோதனை. பெட்டியை ஒரு முறை தாவித் திரும்ப வைக்க, ஒரு முறை விசையை இயக்க வேண்டும். அளவைமானி நிதானமானது, எண் நிலைக்க எட்டு வினாடி எடுக்கும். அதனால் விசையை விடாமல் பதினோரு முறை இயக்கிவிட்டு, பிறகு எட்டு வினாடி காத்து, எண்ணை ஒரே ஒரு முறை படித்து எழுதுவோம். பூஜ்யத்துக்குப் பக்கமாக இருந்தால் தேறியது. பதினொன்று என்று வைத்தது ஸ்டெல்லா மேடம். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் அந்த விசை ஒரு திருகுக் குமிழாக இருந்தது. சுற்றிலும் எண்கள் பொறித்திருக்கும். அது பழுதானதும் அமுக்கும் பொத்தான் வைத்த புதிய கருவி வந்தது. பச்சைப் பொத்தான். கட்டைவிரலுக்கு மிகவும் வசதி. அது வந்த மூன்று மாதத்தில் நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகளை நான் ஒருவனே சோதித்துக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

அதில் பதினேழு பெட்டிகள் திரும்பி வந்தன. கூடவே வாடிக்கையாளரின் கடிதம், ஒரே வரி: தாவித் திரும்பிய பின் ஃபேஸ் நிலையாக இல்லை.

பதினேழையும் முறைப்படி மறுபடி சோதித்தேன். பதினேழும் தேறின. ஒன்றில்கூட ஒன்றரை டிகிரிக்கு மேல் பிசகு இல்லை. இங்கே சரியாக இருப்பது அங்கே கெட்டிருக்கிறது என்றால், வழியில் எதுவோ தளர்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அறிக்கையில் எழுதினேன்: "இணைப்பிகள் சரியாக முறுக்கப்படாமல் பயணத்தில் தளர்ந்திருக்கலாம்." ஐந்து சொற்கள். தளர்ந்தது திரும்பி வந்த பிறகும் தளர்ந்தேதானே இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஸ்பேனரை வைத்து ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. என் சோதனையின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பதினேழும் ஒரே மேசையிலிருந்து போனவை. முனியம்மாளின் மேசை.

முனியம்மாள் பாலக்கோட்டுப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசும் குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவார். வீட்டுக்காரர் கட்டட வேலையில் விழுந்து இடுப்பு போனவர். படிக்கிற பெண் பிள்ளைகள் இரண்டு. அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். பொருத்தும் பிரிவில் பதினோரு பெண்களில் அவர் கைதான் நுட்பமான கை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் புதிதாக எந்தப் பாகம் வந்தாலும் முதலில் அவர் மேசைக்குத்தான் போகும்.

முதலாளி என் அறிக்கையைப் படித்தார். "சனிக்கிழமை அந்தம்மாவைக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றார். அன்று செவ்வாய். புதன்கிழமைக்குள் செய்தி பொருத்தும் பிரிவுக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு முப்பதுக்கு முனியம்மாள் சோதனை அறை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

"சார், நான் ஒருவாட்டி பாக்கலாங்களா?"

"என்னத்தப் பாக்கப் போற?"

"நான் முறுக்குனதத்தானுங்க. அந்த டக்குங்கற சத்தம் கேக்காம நான் கைய எடுத்ததே இல்லீங்க சார்."

"சரி, அங்கயே நில்லு. மேசைய ஒட்டாத. கேபிள் அசையும்."

திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றை மறுபடி மாட்டி, பொத்தானை அமுக்கினேன். முனியம்மாள் கைகட்டி நிற்கவில்லை. வலது கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடிக்கொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன. நான் நிறுத்தி, எட்டு வினாடி காத்து, எண்ணைக் காட்டினேன். பூஜ்யம் புள்ளி ஆறு.

"பாத்தியா? பெட்டி இங்க சரியாத்தான் இருக்குது. வழியிலதான்..."

"சார், ஹன்னெரடுங்க."

"என்னது?"

"பன்னெண்டுங்க. பன்னெண்டு தடவ அமுக்குனீங்க."

"பதினொண்ணு."

"இல்லீங்க சார். பன்னெண்டு."

"முனியம்மா, நான் மாடிப்படி ஏறுனாக்கூட எண்ணற ஆளு. எனக்கே நீ எண்ணிச் சொல்றியா?"

"அய்யோ, நான் எதும் சொல்லலீங்க சார். எண்ணுனனுங்க, அவ்வளவுதான்."

கையை நீட்டினார். கட்டைவிரல் சுண்டுவிரலின் கடைசிக் கணுவில் நின்றது. நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு. கை நிறைந்திருந்தது.

"பதினொண்ணுன்னா ஒரு கணு மிச்சம் இருக்கணுங்களே" என்றார். அவர் குரலில் வாதம் இல்லை. நான் விளக்கிச் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் வேலை கிடக்கிறது, போ என்றேன். போய்விட்டார்.

அன்று மாலை மொரப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். எண்ணுவதைவிட, என் உதடு என்ன சொல்கிறது என்று கவனித்தேன். முதல் அமுக்கில் உதடு சொன்னது: லாபம்.

லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு.

களத்தில் தானியம் அளப்பவர்கள் முதல் அளவை 'ஒன்று' என்று சொல்வதில்லை. 'லாபம்' என்று தொடங்குவார்கள். பல வீடுகளில் லாபத்துக்கு அடுத்து இரண்டு. ஆகவே கணக்கு கெடாது. எங்கள் வீட்டில் வேறு வழக்கம். அந்த முதல் வள்ளம் தானியம் களத்தில் வேலை செய்தவர்களுக்கு என்று தனியாகப் போய்விடும், கணக்கில் சேராது. அதனால் லாபத்துக்கு அடுத்து ஒன்று. பன்னிரண்டு வயதுவரை அப்பா ராகி அளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சொன்னவன் நான். படியை எண்ணும்போதோ ஆளை எண்ணும்போதோ அது வராது. குமிழைத் திருகியபோதும் வரவில்லை. எண்ணைக் கண்ணால் பார்த்தேன். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மட்டும், எனக்கே தெரியாமல், உதடு களத்துக்குப் போய்விட்டது. பச்சைப் பொத்தான் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் பன்னிரண்டு முறை அமுக்கியிருக்கிறேன்.

பதினொன்றுக்குப் பதில் பன்னிரண்டு என்றால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. ஆனால் அந்தப் பதினேழு பெட்டிகளையும் நான் முறைப்படி சோதிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது. என் ஐந்து சொற்களுக்கு அடியில் தரை இல்லை என்பதும்.

வெள்ளிக்கிழமை காலை போனதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தத் தொழிற்சாலையில் எனக்குக் கணக்கு சார் என்று பெயர். சாப்பாட்டு அறையில் எத்தனை நாற்காலி என்று கேட்டால்கூட எண்ணாமல் சொல்வேன். அந்த ஆள் பதினொன்றை எண்ணத் தெரியாதவன் என்று எப்படிச் சொல்வது? பத்து மணிக்கு எழுந்தேன், உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு எழுந்தேன், உட்கார்ந்தேன். ஸ்டெல்லா மேடத்தின் கதவுக்கு என் நாற்காலியிலிருந்து பத்தொன்பது அடி. அன்று பகலுக்குள் நான்கு முறை பாதி வழி போய்த் திரும்பினேன்.

சாப்பாட்டு வேளையில் கை கழுவும் இடத்தில் முனியம்மாள் பக்கத்துக் குழாயில் நின்றார். முந்தைய நாள் நடந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை என்பது எனக்குத் தெரியும். விட்டிருந்தால் அதற்குள் பத்துப் பேர் என்னிடம் வந்து கேட்டிருப்பார்கள்.

"சார், நாளைக்கு நான் சாப்பாடு கட்டிக்கிட்டு வரணுங்களா, வேண்டாங்களா?"

"ஏன் அப்படிக் கேக்கற?"

"காத்தாலயே அனுப்பிட்டாங்கன்னா, வூட்டுக்குப் போயே சாப்புட்டுக்கலாமுங்க. சோறு வீணாப் போகுது பாருங்க."

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். குழாயை மூட மறந்து வந்துவிட்டேன். அவர்தான் மூடினார்.

நான்கு பத்துக்குப் போனேன்.

"மேடம், நான் பன்னெண்டு அமுக்கறனுங்க."

ஸ்டெல்லா மேடம் எழுதிக்கொண்டிருந்தார். "ஒக்காருங்க கோவிந்தராஜ். எதை?"

"ஃபேஸ் டெஸ்ட்டுல. பதினொண்ணுன்னு நெனச்சுப் பன்னெண்டு." லாபத்தையும் ராகியையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். தவறு எழுதிய தாள் எதுவும் முன்னால் இல்லை; கையிலேயே வைத்திருந்தார்.

"எத்தனை தடவைங்க?"

"நூத்தி நாப்பத்தி மூணு பெட்டிங்க."

"வாங்க" என்றார்.

சோதனை மேசைக்குப் போனோம். திரும்பி வந்த பெட்டி ஒன்று மாட்டியபடி சூடாகவே இருந்தது. ஆனாலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். "அமுக்குங்க. வாய் விட்டு எண்ணுங்க. ஒண்ணுலேர்ந்து." அமுக்கினேன். பதினொன்றில் நிறுத்தினேன். எட்டு வினாடி. எண் வந்தது: நூற்று எழுபத்தொன்பது.

"இன்னொண்ணு அமுக்குங்க."

பூஜ்யம் புள்ளி ஐந்து.

"இன்னொண்ணு."

நூற்று எழுபத்தொன்பது.

ஸ்டெல்லா மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பெட்டிக்குள் அலையைப் பாதியாக்கும் ஒரு சிப், அதாவது மின்னணுச் சில்லு, இருக்கிறது. இரண்டு துடிப்பு உள்ளே போனால் ஒன்று வெளியே வரும். தாவும் நேரத்தில் ஒரு கணம் அதைக் காது மூடவைத்துப் பிறகு திறக்கிறோம். புதிதாக வாங்கி முனியம்மாளின் மேசைக்கு முதலில் போன சில்லுகள் காது திறக்கச் சற்றுத் தாமதமாகின்றன. ஒவ்வொரு தாவலிலும் ஒரு துடிப்பைத் தவறவிடுகின்றன. ஒரு துடிப்பு போனால் அலை தலைகீழ். இன்னொன்று போனால் மறுபடி நேர். இரட்டைப்படையில் அமுக்கினால் இந்தக் குறை தெரியவே தெரியாது.

"அதுக்காகத்தான் பதினொண்ணுன்னு வச்சேனுங்க. பத்துன்னு வச்சா இது மறஞ்சு போகும்" என்றார். "ஆனா ஏன்னு எழுதி வைக்கல. உங்க யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. சொல்லியிருந்தா, எண்ணறப்ப ஒரு பயம் இருந்திருக்கும் உங்களுக்கு. பாதி என் தப்புங்க."

அவர் பாதி எடுத்துக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க மேடம், முழுசும்..." என்று தொடங்கினேன்.

"ஸ்பேனரை எடுங்க" என்றார். "அந்தம்மா முறுக்குனதப் பாத்துட்டு வூட்டுக்குப் போலாம்."

பதினேழு பெட்டிகள், நூற்று எழுபது இணைப்பிகள். அவர் எட்டுப் பெட்டி, நான் ஒன்பது. ஸ்பேனரை வைத்து அழுத்தியதும் டக். ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. மறுபடி டக். கடைசி இணைப்பி முடிந்தபோது ஐந்து ஐம்பது.

சனிக்கிழமை காலை முதலாளியின் அறையில் நாங்கள் நான்கு பேர். முனியம்மாள் கதவை ஒட்டி நின்றார். ஸ்டெல்லா மேடம் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். தாளைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "நூத்தி நாப்பத்தி மூணா? எல்லாத்தயும் திருப்பி வரவழைக்கறதா? கோவிந்தராஜ், உங்களுக்கா எண்ணத் தெரியாது?"

"தெரியலீங்க" என்றேன்.

"வரவழைச்சுக்கலாங்க சார்" என்றார் ஸ்டெல்லா மேடம். "புது சிப்பு லேட்டாகாம இருக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் மாத்தணும், அவ்வளவுதான். அதை மாத்தறதுக்கும் அந்தம்மா கைதான் வேணும்."

நான் முனியம்மாள் பக்கம் திரும்பினேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்று சில வார்த்தைகளைப் பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அப்ப நான் முறுக்குனது என்னாச்சுங்க?"

"நூத்தி எழுவதும் டக்குன்னுதுங்க. ஒண்ணுகூட அசையல."

"அதை மொதல்ல சொல்லுங்க சார்!" என்றார். குரல் அந்த அறைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. "மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல. எதுல கை தவறுச்சு, எதுல கை தவறுச்சுன்னு."

முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்தார். நானும் அங்கேயே பார்த்தேன். அன்று முனியம்மாள் சாப்பாடு கட்டி வந்திருந்தாரா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மதியம் பார்த்தேன், கட்டி வரவில்லை. என் மனைவி போட்டுக் கொடுத்த புளிச்சோற்றில் பாதியை இலையில் வைத்து அவர் மேசைக்குக் கொண்டுபோனேன். "காரம் பத்தலீங்க சார்" என்று சொல்லிக்கொண்டே முழுவதும் சாப்பிட்டார்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முடிய ஏழு வாரம் ஆயிற்று. ஸ்டெல்லா மேடம் சோதனைத் தாளில் பென்சிலால் ஒரு வரியைச் சேர்த்தார்: அமுக்குபவர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர். எண்ணுபவருக்குக் கையெழுத்துக் கட்டம் ஒன்றையும் வரைந்தார். பொருத்தும் பிரிவிலிருந்து அதுவரை யாரும் சோதனைத் தாளில் கையெழுத்திட்டதில்லை.

முனியம்மாள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அமுக்க, அவர் கன்னடத்தில் எண்ணினார். ஒந்து, எரடு, மூரு. ஹன்னொந்து என்றதும் என் கட்டைவிரல் நிற்க வேண்டும். முதல் நாளே எங்களுக்குள் தகராறு.

"சார், நீங்களும் கூடவே முணுமுணுன்னு எண்ணறீங்க. எனக்குத் தப்புது."

"நான் எங்க எண்ணறேன்?"

"உதடு ஆடுதுங்களே. லாபம் லாபம்னு. வாய மூடிக்கிட்டு அமுக்குங்க சார்."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதன் பிறகு ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டுதான் அமுக்கினேன். சர்க்கரை நோய் வந்ததற்கு அதுதான் காரணம் என்று மருத்துவரிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.

முதல் பெட்டி முடிந்ததும் தாளை அவர் பக்கம் தள்ளினேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"நான் போட்டா செல்லுங்களா?"

"நீங்கதானே எண்ணுனீங்க?"

யோசித்தார். பிறகு கையெழுத்து என்று கிறுக்காமல், முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக, இணைப்பி முறுக்குவது போலப் பொறுமையாக எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் தூக்கி ஒரு முறை ஊதினார்.

நூற்று நாற்பத்து மூன்று பெட்டிகளில் குறை இருந்தவை முப்பத்தொன்று. அவ்வளவுக்கும் முனியம்மாளே கெப்பாசிட்டர் மாற்றினார். மாற்றிய பிறகு சோதித்த முப்பத்தொன்றும் தேறின. மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்து மூன்று அமுக்குகள், குறை கண்டவற்றுக்கு மறுபடி முந்நூற்று நாற்பத்தொன்று. அவர் எண்ணியதில் ஒன்றுகூடத் தவறவில்லை என்று நான் சொல்ல முடியும். ஏனென்றால் நான் அப்போது கூடவே எண்ணி அவரைக் குழப்பவில்லை. என் வாழ்நாளில் நான் எண்ணாமல் செய்த வேலை அது ஒன்றுதான். அவ்வளவு நிம்மதியாக எந்த வேலையும் செய்ததில்லை.

கடைசிப் பெட்டி ஒரு புதன்கிழமை வந்தது. ஹன்னொந்து என்றார். நிறுத்தினேன். எட்டு வினாடி கழித்துப் பூஜ்யம் புள்ளி நான்கு. தாளை எடுத்தேன். ஏழு வாரமும் அமுக்குபவன் என்ற முறையில் மேலே நான் கையெழுத்திட்டேன், கீழே அவர் இட்டார். அன்று பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க போடுங்க மொதல்ல."

"தேதியும் போடணுங்களா சார்?"

"போடுங்க."

என் கட்டத்துக்கு மேலே, தாளின் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் பெயரையும் தேதியையும் எழுதினார். அதற்குக் கீழே நான் கையெழுத்திட்டேன்.